சுவர்மேல் ஒருவர்

மே 6

அன்புள்ள குட்டிக்கு,

அக்கா எழுதுவது. பத்திரமாக வந்து சேர்ந்தேன். உடம்புக்கு ஒன்றுமில்லை, தொண்டைதான் டாக்டருக்குப் பயந்து வாயை மூடிக்கொண்டிருக்கிறது. உன் வீட்டில் எல்லோரும் சுகம்தானே?

இரண்டு மாதம் ஒரு வார்த்தை பேசக் கூடாது என்று சொல்லிவிட்டார் அந்த மனிதர். புள்ளியியலைக் கடைசி பெஞ்சு வரைக்கும் கத்திக் கத்தி நடத்தியதில் குரல்நாண் இரண்டிலும் காய்ப்புக் காய்த்திருக்கிறதாம். "மெதுவா முணுமுணுக்கலாமா?" என்று கேட்டேன். "அதுதாம்மா ரொம்பக் கெடுதல்" என்றார். ஊரில் இருந்தால் எப்படியும் பேசிவிடுவேன் என்று நீதான் என்னை மாமா விட்டுப்போன இந்த வீட்டுக்கு விரட்டினாய். இங்கே கைப்பேசிக்கும் அலை எட்டவில்லை. ஆகையால் இந்தக் கடிதம். கடைக்காரரிடமும் பால்காரரிடமும் பேச ஒரு சிலேட்டு வைத்திருக்கிறேன்.

வீடு பூட்டிக் கிடந்ததே தவிர காலியாக இல்லை. சமையலறைச் சுவரில் பல்லிகள் இரண்டு பேர் இருக்கிறார்கள். ஒருவருக்கு வால் இல்லை. கிணற்றடியில் ஓணான் ஒருவர் நான் சொல்லாததற்கெல்லாம் தலையாட்டுகிறார். வெயில் இன்னும் குறையவில்லை, குட்டை வற்றிவிட்டது. பின்பக்கம் ஒரு தொட்டியில் தண்ணீர் ஊற்றி வைத்தேன். யார் யாரோ வந்து குடிக்கிறார்கள்.

இயற்கையோடு இருந்தால் மனசுக்கு நல்லது என்றாய். இதுவரை அதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. அணில் ஒருவர் என் சோப்பை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அக்கா

மே 12

என் அன்பு அக்காவுக்கு,

குட்டி எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் சௌக்கியம். இவருக்கு மட்டும் இடுப்புப் பிடிப்பு. குனிந்து செருப்பு எடுக்கச் சொன்னால் வரும், சீட்டாடப் போனால் போய்விடும். நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா?

உன் கடிதத்தை இவருக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். "உங்கக்கா அணிலைக்கூட அவர் இவர்ன்னா எழுதுறாங்க? நான் பொண்ணு பார்க்க வந்தப்ப என்னை 'இந்தப் பையன்'னாங்களே!" என்று ஒரே வருத்தம். நான்தான் சமாதானம் சொன்னேன்: எங்கள் அக்கா மனிதர்களிடம்தான் கறார், பிராணிகளிடம் ரொம்ப மரியாதை. சின்ன வயதில் பொறியில் மாட்டின எலியைப் பார்த்து "மன்னிச்சுக்கங்க" என்று சொன்னவள் நீ. அம்மா சிரித்துச் சிரித்துப் பொறியைக் கீழே போட்டு, எலி ஓடியே போய்விட்டது.

நல்ல செய்தி ஒன்று. எங்கள் எதிர்வீடு ஜூலையில் காலியாகிறது. நீ திரும்பி வந்ததும் அங்கேதான் இருக்கப் போகிறாய். நான் தாளித்தால் உனக்குத் தும்மல் வரும், அவ்வளவு பக்கம். ஐம்பதை நெருங்குகிற வயதில் நீ தனியாகக் கிடப்பது எனக்குப் பிடிக்கவில்லை. இப்போதுகூடப் பார், மாமா வீட்டைச் சுற்றி ஒரு மனித வாடை கிடையாது. பக்கத்து வீடும் பூட்டியேதானே கிடக்கிறது? பாம்பு வந்தால் யாரைக் கூப்பிடுவாய்? கூப்பிடவும் கூடாதே!

உன் குட்டி

மே 20

அன்புள்ள குட்டிக்கு,

நலம். உன் வீட்டுக்காரருக்கு இடுப்பு சரியாகியிருக்கும் என்று நம்புகிறேன். சீட்டாட்டம் தொடரட்டும்.

எலி விஷயத்தில் ஒரு திருத்தம். நான் "மன்னிச்சுக்கங்க" என்று சொல்லவில்லை. "கொஞ்சம் தள்ளி உட்காருங்க" என்றேன். பொறிக் கதவு அவர் வாலில் படும்போல் இருந்தது.

செண்பகப் பறவை கத்தினால் மழை வரும் என்று பால்காரர் சொன்னார். செண்பகம் தினமும் கத்துகிறார். மழையைக் காணோம். தேன்சிட்டு ஒருவர் குளியலறைக் கண்ணாடியில் தெரியும் தன் உருவத்தோடு காலை முழுக்கச் சண்டை போடுகிறார். எங்கள் துறைத்தலைவர் ஞாபகம் வருகிறது. கண்ணாடியைத் துணி போட்டு மூடினேன். இப்போது துணியோடு சண்டை.

கீரி தன் பிள்ளைகள் மூன்று பேரை வரிசையாக அழைத்துக்கொண்டு தொட்டிக்கு வருகிறார். கடைசிப் பிள்ளை மட்டும் எப்போதும் தாமதம். எல்லா வகுப்பிலும் ஒருவர் அப்படித்தான்.

பின்பக்கச் சுவர்மேல் சில நாட்களாக, வெயில் தாழ்ந்ததும், ஒருவர் வந்து உட்காருகிறார். நரைத்த தலை. வட்டமான பெரிய கண்கள். நம் கொல்லையில் நிற்கும் பட்டமரத்தையே அசையாமல் பார்த்துக்கொண்டிருப்பார். சத்தம் கேட்டால் உடம்பைத் திருப்பாமல் கழுத்தை மட்டும் திருப்புகிறார், அதுவும் ஒரே பக்கமாக. என்னைக் கண்டு பயப்படவில்லை. நானும் விரட்டவில்லை. விரட்டுவதற்குக் குரல் வேண்டும்.

அக்கா

மே 26

அன்பு அக்கா,

இங்கே சுகம், அங்கே அப்படியே என்று நினைக்கிறேன். ஆந்தை!

உன் கடிதம் வந்த அன்றே பழைய புத்தகக் கடையில் படம் போட்ட பிராணிகள் புத்தகம் ஒன்று வாங்கிவிட்டேன். நரைத்த தலை, சரி. வட்டக் கண், சரி. கழுத்தைத் திருப்புவது, மிகவும் சரி. இவரும் ஒப்புக்கொண்டார். இவர் எதையும் அவ்வளவு லேசில் ஒப்புக்கொள்ள மாட்டார் என்று உனக்குத் தெரியும்.

பெண் ஆந்தை ஆணைவிடப் பெரிதாக இருக்குமாம். உன்னுடையது என்ன அளவு? கிட்டே போய் முகத்துக்கு நேரே பார்க்காதே. கண்ணைக் கொத்திவிடும்.

எதிர்வீட்டுக்காரரிடம் உனக்காகச் சொல்லி வைத்துவிட்டேன். "அக்கா பேசவே மாட்டாங்க, ரொம்ப அமைதி" என்று சொன்னதும் அவருக்கு உன்னை ரொம்பப் பிடித்துவிட்டது.

உன் குட்டி

ஜூன் 2

அன்புள்ள குட்டிக்கு,

தொண்டை அடக்கமாக இருக்கிறது. மற்றவை நலம்.

உன் கண்டுபிடிப்பை மறுக்கப் போதுமான தரவு கைவசம் இல்லை. அளவைக் கேட்டிருந்தாய். நடுத்தரம். கொஞ்சம் தொப்பை உண்டு.

சுவர்மேல் ஒரு கொய்யாப்பழம் வைத்துப் பார்த்தேன். பரிசோதனை என்றுதான் வைத்தேன். சாப்பிட்டுவிட்டார். மறுநாள் இரண்டு வைத்தேன். ஒன்றை எனக்கு விட்டுவைத்திருந்தார். மூன்றாம் நாள் நான் காபி போட்டபோது மணம் வெளியே போயிருக்க வேண்டும். சுவரைவிட்டு இறங்கிக் கிணற்றடி வரைக்கும் வந்துவிட்டார். கிண்ணத்தில் கொஞ்சம் ஊற்றி வைத்தேன். சொட்டு மிச்சமில்லை. அதிலிருந்து தினமும் அந்த நேரத்துக்கு வருகிறார்.

முகத்துக்கு நேரே பார்த்தேன். கொத்தவில்லை.

சோப்பு எடுத்த அணில் மறுபடி வந்தார். புது சோப்பு அவருக்குப் பிடிக்கவில்லை.

அக்கா

ஜூன் 7

அக்காவுக்கு,

எல்லோரும் நலம் என்று எழுதக்கூட நேரமில்லை. அது ஆந்தை இல்லை அக்கா!

ஆந்தை எலியும் பூச்சியும்தான் தின்னும் என்று புத்தகத்தில் தெளிவாகப் போட்டிருக்கிறது. கொய்யாவும் காபியும் என்றால் மரநாய்! இவர்தான் கண்டுபிடித்தார். "மரநாய்க்குக் காப்பிப் பழம்னா உயிருடி, பேப்பர்ல படிச்சிருக்கேன்" என்று குளியலறையிலிருந்து கத்தினார். அப்படியானால் கழுத்து எப்படித் திரும்பும் என்று கேட்டேன். "உங்கக்காவைக் கண்ணாடி மாத்தச் சொல்லு" என்றார்.

மரநாயைப் பற்றி எனக்கு நிறையப் பயமாக இருக்கிறது. ஓட்டுக்கும் உத்தரத்துக்கும் நடுவே புகுந்துகொண்டால் குட்டி போட்டுவிடுமாம். அப்புறம் கிளப்பவே முடியாது. விடிய விடிய உருட்டும். கெட்ட வாசனை அடிக்கிறதா? ஜோடி இருக்கிறதா என்று பார்த்தாயா? முக்கியமாக, கடித்ததா? லேசாகப் பல் பட்டிருந்தாலும் போய் ஊசி போட்டுக்கொள். வெட்கப்படாதே.

உன் குட்டி

ஜூன் 13

அன்புள்ள குட்டிக்கு,

நலம். கடிக்கவில்லை.

வாசனை உண்டு. இயந்திர எண்ணெயும் சோப்பும் கலந்த மாதிரி. கெட்டது என்று சொல்ல முடியாது. ஜோடி இல்லை. முன்பு இருந்திருக்க வேண்டும். இப்போதும் கிணற்றடித் திண்டில் உட்காரும்போது பக்கத்தில் ஒருவர் அளவுக்கு இடம் விட்டுத்தான் உட்காருகிறார்.

கீரிப் பிள்ளைகளில் தாமதமாக வருகிறவர் நேற்று முதலாவதாக வந்தார். மற்ற இருவரும் அதிர்ச்சியில் தண்ணீரே குடிக்கவில்லை. நான் சிரித்துவிட்டேன். சிரிப்பும் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். பக்கத்தில் இருந்தவரும் பார்த்தார்.

உன் புத்தகத்தில் ஒன்று தேடிச் சொல். பல வருஷம் தனியாகவே இருந்து பழகிய ஒரு பிராணி, பாதி வயதைத் தாண்டியபின், இன்னொன்றோடு ஒரே கூரையின் கீழ் இருந்ததாகக் குறிப்பு ஏதும் உண்டா? சும்மா கேட்டேன்.

எதிர்வீட்டைப் பற்றி அப்புறம் எழுதுகிறேன்.

அக்கா

ஜூன் 18

அன்பு அக்காவுக்கு,

நாங்கள் சுகம். நீ சுகமாக இருப்பதாகத் தெரியவில்லை. எப்போது "அப்புறம் எழுதுகிறேன்" என்று நீ சொன்னாலும் எனக்குச் சந்தேகம் வரும்.

நீ கேட்டதற்குப் புத்தகத்தில் பதில் இருக்கிறது: மரநாய் தனித்து வாழும் பிராணி. இன்னொன்றைக் கிட்டே சேர்க்காது. வயதானதென்றால் இன்னும் மோசம். நம்பாதே! வீட்டுக்குள் விட்டுவிடாதே!

ஒன்று யோசித்துப் பார். நீ எப்படியும் ஜூலையில் இங்கே வந்துவிடப் போகிறாய். எதிர்வீட்டுச் சாவியை வாங்கி எங்கள் வாசல் ஆணியில் மாட்டிவிட்டேன். நீ வந்தபின் அது தினமும் கிணற்றடியில் வந்து உட்கார்ந்து, காபி வரும் காபி வரும் என்று காத்துக்கொண்டிருக்காதா? வாயில்லாத ஜீவனைப் பழக்கிவிட்டுக் கிளம்பிப் போவது பாவம் இல்லையா? இப்போதே கதவைச் சாத்து. காபியை நிறுத்து.

இவர் வனத்துறைக்கு மனு எழுத ஆரம்பித்துவிட்டார், "கூண்டு ஒன்று தந்துதவ வேண்டுகிறேன்" என்று. மனு எழுதும்போது இவருக்கு இடுப்பு வலிப்பதில்லை.

உன் குட்டி

ஜூன் 25

அன்புள்ள குட்டிக்கு,

நலம். நீ எழுதியது நியாயம். புதன்கிழமை பின்கதவைச் சாத்தினேன். புழுக்கம் தாங்காமல் மறுநாளே திறந்துவிட்டேன். ஆனாலும் அவர் வரவில்லை. அதன்பின் ஒருநாளும் வரவில்லை.

கூண்டு வேண்டாம். சாவி ஆணியிலேயே இருக்கட்டும்.

பல்லிகள் சுகம். வால் இல்லாதவருக்கு வால் முளைக்கிறது.

அக்கா

ஜூலை 13

அன்புள்ள குட்டிக்கு,

உன் இரண்டு கடிதங்களும், "உயிரோடு இருக்கிறாயா" என்று மட்டும் கேட்ட அட்டையும் கிடைத்தன. இருக்கிறேன். எழுத ஒன்றும் இல்லாததால் எழுதவில்லை. இப்போது இருக்கிறது.

கோடை முடிந்துவிட்டது. போன வாரம் எறும்புகள் முட்டையைத் தூக்கிக்கொண்டு சுவரேறினார்கள். அன்று செண்பகம் வாயே திறக்கவில்லை. அன்றைக்குத்தான் மழை வந்தது. பால்காரரிடம் இதைச் சிலேட்டில் எழுதிக் காட்டினேன். "அது அப்பிடித்தாம்மா, சில நாள் மறந்துடும்" என்றார். அவருடைய நம்பிக்கையை எந்தத் தரவாலும் அசைக்க முடியாது.

பெருங்காற்று. கொய்யாக் கிளை ஒன்று முறிந்து நாலைந்து ஓடுகள் நழுவி, உள்ளே ஒரே ஒழுகல். இப்போது எல்லாம் சரியாகிவிட்டது. மறுநாள் மாலை விளக்கைச் சுற்றி ஈசல் மொய்த்தது. பல்லிகள் தின்று தின்று அசைய முடியாமல் கிடந்தார்கள். குட்டை நிறைந்து, தவளைகள் எல்லோரும் ஒரே சமயத்தில் பேசுகிறார்கள். துறைக் கூட்டம் மாதிரியே இருக்கிறது.

அவரைப் பற்றிக் கேட்டிருந்தாய். திரும்பி வந்துவிட்டார்.

உன் வீட்டுக்காரருக்கு இடுப்பு எப்படி இருக்கிறது? மழை நாளில் ஜாக்கிரதையாக இருக்கச் சொல். இவருக்குச் சளி இன்னும் விடவில்லை.

அக்கா

ஜூலை 18

அக்கா,

நலம் விசாரிப்பெல்லாம் கடைசியில். முதலில் இதைக் கேள்.

உன் கடிதத்தை வழக்கம்போல உரக்கப் படித்தேன். முடித்ததும் இவர், "ஏண்டி, மரநாய்க்குச் சளி பிடிக்குமா?" என்று கேட்டார். பார்த்துச் சொல்கிறேன் என்று பிராணிகள் புத்தகத்தை எடுக்கப் போனேன். அலமாரிக்குப் போகும் வழியில் அப்படியே நின்றுவிட்டேன்.

"இவருக்குச் சளி."

அக்கா, அந்தச் சொல்லை இருபது வருஷத்துக்கு மேலாகத் தினமும் புழங்குகிறவள் நான். அதை யாருக்குச் சொல்வார்கள் என்று எனக்குத் தெரியாதா? எலி உனக்கு அவர். அணில் அவர். கல்லூரி முதல்வர் அவர். பேனா தவறிக்கூட நீ யாரையும் இப்படி இவர் என்று எழுதி நான் பார்த்ததே இல்லை.

எல்லாக் கடிதத்தையும் எடுத்து முதலிலிருந்து படித்தேன். தொப்பை! இயந்திர எண்ணெய்! ஐயோ, பக்கத்தில் இடம் விட்டு உட்காருகிறார் என்றாயே! நான் என்னவெல்லாம் எழுதினேன்! குட்டி போடும் என்று எழுதினேனே! ஊசி போட்டுக்கொள், வெட்கப்படாதே என்று எழுதினேனே! அதையெல்லாம் அவர் படித்தாரா? படித்திருந்தால் நான் எந்த முகத்தோடு அங்கே வருவேன்?

அதைவிட, நான் கதவைச் சாத்தச் சொன்னேன், நீயும் சாத்தினாய். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. "அது மனுஷன்டி" என்று ஒரு வரி எழுதியிருக்கக் கூடாதா? நான் என்ன கடித்தா விடுவேன்?

யார் அவர்? நல்லவரா? சாவி ஆணியிலேயே தொங்குகிறது. போகும்போதும் வரும்போதும் தோளில் இடிக்கிறது. நீ எதிர்வீட்டில் இருப்பாய் என்று நான் என்னென்னவோ நினைத்திருந்தேன். அது இருக்கட்டும். என்ன செய்யட்டும், நீயே சொல். இந்த முறை அப்புறம் என்று எழுதாதே.

இங்கே சுகம். இன்னொன்று. கூண்டு வேண்டாம் என்று நீ எழுதுவதற்கு முன்பே இவர் மனுவைத் தபாலில் போட்டுவிட்டார். யாராவது வந்தால் நான் பொறுப்பில்லை.

உன் குட்டி

ஜூலை 24

அன்புள்ள குட்டிக்கு,

இருவரும் நலம். இப்படி எழுதிப் பார்க்க விசித்திரமாக இருக்கிறது. பழகிவிடும் என்று நினைக்கிறேன்.

ரயில் ஓட்டியவர். ஓய்வுபெற்று வந்திருக்கிறார். பூட்டிக் கிடக்கிறது என்று நீ நினைத்த பக்கத்து வீடு அவருடையது. மனைவி இறந்து வெகுகாலம் ஆகிறது. இஞ்சின் சத்தத்தில் இடது காது போய்விட்டது. நான் பேசக் கூடாது, அவருக்குக் கேட்காது. நான் சிலேட்டில் எழுதுவேன். அவர் குட்டைக்கு அப்பால் வரைக்கும் கேட்கும்படி பதில் சொல்வார். வட்டக் கண் என்பது மூக்குக்கண்ணாடி. நம் பட்டமரத்துப் பொந்தில் ஒரு குடும்பம் இருக்கிறது. அதைப் பார்க்கத்தான் சுவரேறினார். அவர்கள்தான் ஆந்தைகள். ஆகவே உன் முதல் முடிவு முழுக்கத் தவறு என்று சொல்ல முடியாது.

ஏன் எழுதவில்லை என்று கேட்டாய். மனிதர் என்று எழுதினால் நீ கேள்வி கேட்பாய். பதில் எனக்கே தெரியாது. பிராணி என்று நினைத்தவரையில் நீ யோசனைதான் சொன்னாய். கேட்க வசதியாக இருந்தது.

அவர் வராமல் போனதற்குக் கதவு காரணமில்லை. கதவைச் சாத்திய அன்று என் சிவப்புத் துண்டைச் சுவர்மேல் காயப் போட்டிருந்தேன். பிறகு எடுக்கத் தோன்றவில்லை. "எத்தனையோ வருஷ சர்வீசுங்க. சிவப்பைத் தாண்டினதே இல்லை" என்றார். அத்தனை நாளும் சுவருக்கு அந்தப் பக்கம் நாற்காலி போட்டுத் துண்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். பெருங்காற்று அதை அடித்துக்கொண்டு போனதும் சுவர்மேல் தலை தெரிந்தது. "லைன் கிளியருங்களா?" என்று மழையில் நின்று கேட்டார். சிலேட்டைத் தேடினேன், கிடைக்கவில்லை. தலையாட்டினேன். அப்படியே கூரைமேல் ஏறி ஓட்டை அடுக்கினார். சளிக்கு அதுதான் காரணம்.

உன் கடிதங்களைப் படித்தார். குட்டி போடும் என்ற இடத்தில் எழுந்து வெளியே போய்விட்டார். கோபம் என்று நினைத்தேன். கிணற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார். "உங்க தங்கச்சிகிட்ட சொல்லுங்க, எனக்கு எல்லா ஊசியும் போட்டாச்சு" என்றார். சொல்லிவிட்டேன்.

கூண்டு வந்துவிட்டது. வனத்துறையிலிருந்து இருவர் தூக்கிக்கொண்டு வந்து, "பிராணி எங்கேம்மா?" என்று கேட்டார்கள். திண்டில் காபி குடித்துக்கொண்டிருந்தவர் கையைத் தூக்கி, "நான்தாங்க" என்றார். கூண்டைத் திரும்ப எடுத்துப் போக மாட்டோம், அதற்குத் தனி மனு வேண்டும் என்கிறார்கள். உன் வீட்டுக்காரரிடம் சொல். இடுப்புக்கும் நல்லது.

டாக்டர் சொன்ன இரண்டு மாதம் எப்போதோ முடிந்துவிட்டது. நான்தான் பேச ஆரம்பிக்கவில்லை. இத்தனை நாள் காப்பாற்றியதை எதில் செலவழிப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். நேற்று மாலை காபி முடிந்து, கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, "அப்ப வரட்டுங்களா?" என்று செருப்பைத் தேடினார். நான் "இருங்க" என்றேன். துருப்பிடித்த கீல் மாதிரி வந்தது குரல். அவர் பாட்டுக்குச் செருப்பை மாட்டிக்கொண்டு நடக்க ஆரம்பித்துவிட்டார். இடது காதுப் பக்கம் நின்று சொல்லியிருக்கிறேன்.

எதிர்வீட்டுச் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிடு குட்டி. நான் படியிறங்கிப் போய், வலது பக்கம் மாறி நின்று, மறுபடியும் சொன்னேன்.

அக்கா